எந்த மொழி முதலில் திரும்பும்? பக்கவாதத்துக்குப் பிந்தைய மொழி மீட்சியின் வரலாறு

1783 ஜூன் 17. இலண்டனில் தம் வீட்டில் நள்ளிரவு கடந்து விழித்துக்கொண்ட சாமுவேல் ஜான்சன் தலைக்குள் ஏதோ குழப்பத்தை உணர்ந்தார். 1755-இல் வெளிவந்த புகழ்பெற்ற ஆங்கில அகராதியின் ஆசிரியர் அவர். அப்போது அகவை 73. உடலுக்கு என்ன நேர்ந்தாலும் அறிவை விட்டுவைக்குமாறு இறைவனை வேண்டினார். அறிவு நிலைத்திருக்கிறதா என்று சோதிக்கும் பொருட்டு அவ்வேண்டுதலை இலத்தீன் செய்யுளாகக் கட்டினார். செய்யுள் நன்றாக அமையவில்லை. ஆனால், அது நன்றாக இல்லை என்பது தமக்குத் தெரிந்ததால் அறிவு பழுதுபடவில்லை என்று முடிவு செய்தார். அதன் பின்னரே பேச்சு போய்விட்டதை உணர்ந்தார். அண்டை வீட்டாருக்குக் கடிதம் எழுதியபோது கை தவறான எழுத்துகளை இட்டதையும் பின்னர் பதிவு செய்தார். சில வாரங்களில் பேச்சு பெருமளவு திரும்பியது.

இந்த ஓர் இரவில் இரண்டு வினாக்கள் அடங்கியுள்ளன. மொழி போனால் அறிவும் போய்விடுமா என்பது ஒன்று. பல மொழி அறிந்தவருக்கு எந்த மொழி தங்கும், எந்த மொழி முதலில் திரும்பும் என்பது மற்றொன்று. முதல் வினா பத்தொன்பதாம் நூற்றாண்டின் நரம்பியலையே உருவாக்கியது. இரண்டாவது வினா நெடுங்காலம் அடிக்குறிப்பாகவே கிடந்தது. இந்தியாவில் பக்கவாதத்திலிருந்து மீள்வோரைப் பொறுத்தவரை அந்த அடிக்குறிப்புதான் மைய வினா என்பதே இப்பதிவின் கருத்து.

வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு 1861-இல் பாரிசில் தொடங்குகிறது. பிசேத்ர் மருத்துவமனையில் 21 ஆண்டுகள் இருந்த லெபோர்ன் என்பவர் எதைக் கேட்டாலும் 'தான்' என்ற ஓரசையையே விடையாகச் சொல்வார். பால் புரோக்கா அவரைக் கண்டது அவருடைய இறுதிச் சில நாள்களில். இறப்புக்குப் பின் மூளையை ஆய்ந்து, இடப்பக்க முன்மடலில் சிதைவைக் காட்டினார். பாடநூல்கள் இத்துடன் நின்றுவிடுகின்றன. ஆனால் புரோக்காவின் அறிக்கையிலேயே வேறொரு செய்தியும் உண்டு. இங்கு எத்தனை ஆண்டுகளாக இருக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, லெபோர்ன் கையை நான்கு முறை விரித்துக் காட்டிவிட்டு ஒரு விரலை நீட்டினார். நான்கு ஐந்து இருபது, அதனுடன் ஒன்று. கணக்கு சரி. சொல்லை இழந்த மனிதர் தம் கருத்தைத் தெரிவிக்கும் வழியைத் தாமே கண்டுபிடித்திருந்தார். மறுவாழ்வு பற்றிய வரலாற்றை எழுதுவோருக்கு அந்த மூளையைவிட அந்த விரல்களே முதற்சான்று.

புரோக்காவுக்கும் இது தோன்றாமலில்லை. குழந்தைக்குப் பேச்சுப் பழக்கும் தாயின் பொறுமையோடு இத்தகையோருக்கு நாள்தோறும் பயிற்சி அளித்தால் பலன் கிட்டக்கூடும் என்று 1865-இல் எழுதினார். எனினும் துறையின் ஆர்வம் வேறு திசையில் சென்றது. 1864-இல் துரூசோ 'அஃபேசியா' என்ற பெயரை நிலைபெறச் செய்தார். 1874-இல் வெர்னிக்கே, சரளமாகப் பேசியும் பொருள் விளங்காத வகையை விளக்கினார். எங்கே சிதைந்தது என்பதற்கு விடைகள் பெருகின. எப்படி மீள்வது என்பது காத்திருந்தது.

இரண்டாவது வினாவை முதலில் எழுப்பியவர்களும் பிரெஞ்சுக்காரர்களே. நினைவாற்றலின் நோய்கள் குறித்து 1881-இல் நூல் எழுதிய தியோதூல் ரிபோ, பழைய நினைவுகளே சிதையாமல் எஞ்சும் என்றார். அதன்படி தாய்மொழியே முதலில் திரும்ப வேண்டும். பன்மொழியாளரின் அஃபேசியா பற்றி 1895-இல் கட்டுரை வெளியிட்ட பித்ரேஸ் இதை மறுத்தார். முதலில் திரும்புவது நோயாளிக்கு மிகவும் பழகிய மொழி. அது தாய்மொழியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை என்றார். 1920-களில் சூரிச்சில் மின்கோவ்ஸ்கி இரண்டுக்கும் அடங்காத ஒருவரை விவரித்தார். அவருக்குத் தாய்மொழி சுவிஸ் ஜெர்மன். பக்கவாதத்துக்குப் பின் முதலில் திரும்பியதோ பிரெஞ்சு. இளமையில் ஒரு பிரெஞ்சுப் பெண்ணிடம் அவர் கொண்டிருந்த காதலே காரணம் என்று மின்கோவ்ஸ்கி கருதினார். வயது, பழக்கம், பற்று என மூன்று விளக்கங்கள். இன்றுவரை எந்த ஒன்றும் எல்லா நோயாளிகளுக்கும் பொருந்தவில்லை. மொழிகள் ஒருசேரத் திரும்புவதும், ஒன்று திரும்பி மற்றொன்று திரும்பாமலே போவதும், ஒன்று திரும்பும்போது மற்றொன்று தேய்வதும் பதிவாகியுள்ளன.

மறுவாழ்வை ஒரு துறையாக்கியவை போர்கள். முதல் உலகப் போரில் தலையில் காயமுற்ற வீரர்களுக்காகப் பிராங்க்பர்ட்டில் கர்ட் கோல்ட்ஸ்டைன் தனி நிறுவனம் நடத்தினார். இரண்டாம் உலகப் போரின்போது யூரல் பகுதி மருத்துவமனையில் அலெக்சாந்தர் லூரியா பணியாற்றினார். பழைய பாதை அடைபட்டால் அதே செயலை வேறு பாதையில் மறுகட்டமைக்கலாம் என்பது அவர் காட்டிய வழி. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவ்வீரர்கள் இளைஞர்கள், அரசுக்குத் தேவைப்பட்டவர்கள். அவர்களைக் கொண்டு உருவான முறைகள் பின்னர் பக்கவாதமுற்ற முதியோர்மீது பயன்படுத்தப்பட்டன. இளமையும் இல்லை, காத்திருக்கும் அரசும் இல்லை என்ற நிலையில் மீட்சியை எப்படி அளப்பது என்ற சிக்கல் எழுந்தது.

1965-இல் மேரிலாந்தில் மஹோனியும் பார்த்தெலும் வெளியிட்ட அளவுகோல் அதற்கு எளிய விடை தந்தது. உண்ணுதல், குளித்தல், முகம் தலை பேணுதல், உடுத்தல், மலம் அடக்குதல், சிறுநீர் அடக்குதல், கழிப்பறையைப் பயன்படுத்துதல், படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாறுதல், நடத்தல், படி ஏறுதல் ஆகிய பத்துச் செயல்கள். மொத்தம் 100 மதிப்பெண். இன்றும் உலகெங்கும் பயன்படும் கருவி இது. பத்தையும் மீண்டும் படித்துப் பாருங்கள். பேசுதல் அவற்றில் இல்லை. ஒரு சொல்லும் பேச இயலாதவர் 100-க்கு 100 பெறலாம். நூறு பெற்றவர் தனித்து வாழ வல்லவர் என்று பொருளன்று, உதவியாள் இன்றி இயங்க வல்லவர் என்பதே பொருள் என ஆக்கியோரே எச்சரித்திருந்தனர். எச்சரிக்கை மறக்கப்பட்டது; மதிப்பெண் நிலைத்தது. அன்றாட வாழ்வில் மொழியின் பயன்பாட்டை அளக்க 1969-இல் மார்த்தா டெய்லர் சார்னோவும் 1980-இல் ஆட்ரி ஹாலந்தும் தனிக் கருவிகளை உருவாக்க வேண்டியிருந்தது.

இந்தியச் சட்ட வரலாற்றிலும் இதே இடைவெளி தெரிகிறது. 1995-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் ஏழு குறைபாடுகளைப் பட்டியலிட்டது. கால் செயலிழந்தவருக்கு அதில் இடம் இருந்தது. மொழியை இழந்தவருக்கு இல்லை. 2016-ஆம் ஆண்டுச் சட்டம் அதை 21 ஆக விரித்து, பேச்சு மற்றும் மொழிக் குறைபாட்டைச் சேர்த்ததோடு அதன் விளக்கத்தில் அஃபேசியாவைப் பெயர் சுட்டியே குறிப்பிட்டது. புரோக்காவுக்குப் பின் ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேல் கடந்து இச்சொல் நம் சட்டத்துக்குள் வந்தது.

மைசூரில் அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் 1965-இல் தோன்றியது. பார்த்தெல் அளவுகோல் வெளிவந்த அதே ஆண்டு. இங்கே பணியாற்றத் தொடங்கியவர்கள் உடனே மொழிச் சிக்கலை எதிர்கொண்டனர். கருவிகள் ஆங்கிலத்தில் இருந்தன. பாஸ்டன் பெயரிடல் சோதனையின் 60 படங்களில் பீவர் உண்டு, பனிக்கட்டி வீடான இக்ளூ உண்டு, பிரெட்செல் என்னும் தின்பண்டமும் உண்டு. இவற்றைப் பெயரிட இயலாத மாண்டியா விவசாயிக்கு மொழியிழப்பு என்று எப்படிச் சொல்வது? மொழிபெயர்ப்பு போதாது என்பதை உணர்த்தியது எழுத்து முறையும்தான். கன்னடமும் ஆங்கிலமும் அறிந்த ஒருவரின் வாசிப்பிழப்பு பற்றிப் பிரதிபா காரந்த் 1981-இல் வெளியிட்ட ஆய்வு, உயிர்மெய் எழுத்து முறையில் வாசிப்பு சிதையும் விதத்தைத் தனியே ஆராய வேண்டும் என்பதை உலகத் துறைக்கு முன்வைத்தது.

ஐதராபாத்திலிருந்து வந்த ஓர் ஆய்வு மேலும் ஒரு திருப்பம். சுவர்ணா அல்லாடியும் குழுவினரும் பக்கவாதமுற்ற 608 பேரின் பதிவுகளை ஆராய்ந்தனர். பக்கவாதத்துக்குப் பின் அறிதிறன் இயல்பாக இருந்தோர் இருமொழியாளரில் 40.5 விழுக்காடு; ஒருமொழியாளரில் 19.6 விழுக்காடு. ஆனால் அஃபேசியா ஏற்பட்ட விகிதத்தில் இரு குழுவினருக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பல மொழி அறிவு சிந்தனையைக் காத்தாலும் பேச்சைக் காக்கவில்லை. அறிவு நிலைத்தும் பேச்சு போன ஜான்சனின் இரவு இங்கு நினைவுக்கு வருகிறது.

தமிழுக்கு இதில் தனிச் சிக்கல் உண்டு. மின்கோவ்ஸ்கியின் சூரிச்சில் வீட்டுப் பேச்சு ஒன்று, ஏட்டு மொழி மற்றொன்று. இரட்டை வழக்கு என்னும் கருத்தை 1959-இல் வகுத்த ஃபெர்குசன் எடுத்துக்கொண்ட நான்கு சான்றுகளில் சுவிஸ் ஜெர்மனும் ஒன்று. தமிழும் இரட்டை வழக்குடைய மொழி என்பதை நாம் அறிவோம். சோதனைத் தாள் எழுத்துத் தமிழில் இருக்கிறது. நோயாளி பேச்சுத் தமிழில் இருக்கிறார். வாழைப்பழத்தின் படத்தைக் கண்டு ஒருவர் 'வாளப்பளம்' என்கிறார். ஒலி பிறழ்ந்த சொல்லா, அவர் ஊர் வழக்கா? நாற்காலியைச் 'சேர்' என்கிறார். தமிழ்ச் சொல் கிடைக்காமல் தவிக்கிறாரா, வாழ்நாள் முழுதும் சொன்னதையே சொல்கிறாரா? நோய்க்கு முன் அவர் எப்படிப் பேசினார் என்பதை அறியாமல் இவற்றுக்கு மதிப்பெண் இட முடியாது. அதை அறிந்தவர் பக்கத்தில் அமர்ந்திருக்கும் மனைவியோ மகனோதான்.

2011 கணக்கெடுப்பு நாட்டில் 1369 தாய்மொழிகளைப் பட்டியலிட்டு, அவற்றை 121 மொழிகளுக்குள் தொகுத்தது. மருத்துவமனைப் படிவத்தில் 'மொழி' என்ற இடத்தில் இருப்பதோ ஒற்றைக் கோடு. வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், கணக்கு வழக்குக்குத் தமிழ் என வாழ்ந்தவருக்கு அக்கோட்டில் எதை எழுதுவது? எதை எழுதுகிறோமோ அதிலேயே பயிற்சி நடக்கும். மற்றவை தாமே திரும்பட்டும் என்று விடப்படும். பித்ரேஸ் 1895-இல் கேட்ட வினாவுக்கு நம் மருத்துவமனைகளில் ஒவ்வொரு நாளும் விடை அளிக்கப்படுகிறது, கேட்கப்படாமலே.

மொழியியல் மாணவர்களுக்கு இங்கே வேலை இருக்கிறது. யாகப்சன் 1941-இல் குழந்தையின் மொழியையும் அஃபேசியாவையும் ஒருங்கே வைத்து நூல் எழுதினார். அதை நாம் ஒலியனியல் தாளுக்காகப் படித்துவிட்டு மூடிவிடுகிறோம். பேச்சு வழக்குகளுக்கேற்ற பெயரிடல் பட்டியல்கள், இயல்பான வட்டார மாறுபாடுகளின் ஒலிப்பதிவுத் தொகுப்புகள், யாரிடம் எம்மொழியில் எதற்காகப் பேசினார் என்று குடும்பத்தினரிடம் கேட்டறியும் எளிய வினாநிரல் ஆகியவை ஓர் ஆய்வேட்டின் எல்லைக்குள் அடங்குபவை. படி ஏறத் தெரிந்தவருக்கு மதிப்பெண் கொடுத்துவிட்டோம். பேரக்குழந்தையை அதன் மொழியில் அழைக்க அவரால் முடிகிறதா என்பதையும் அளக்கக் கற்க வேண்டும். களத்தில் பணிபுரியும் பேச்சுப் பயிற்சியாளர்கள் தங்கள் பட்டறிவை இங்கே பகிர்ந்தால் இவ்வுரையாடல் முழுமை பெறும்.