டிப்தீரியாவின் முதலசை

‘டிஃப்தீரியா’ என்பதே சரி, ‘டிப்தீரியா’ பிழை என ஆங்கில உச்சரிப்பு வழிகாட்டிகள் நெடுங்காலம் கற்பித்தன. இன்று முதன்மையான அகராதிகள் இரண்டையும் ஏற்கின்றன; ஆயினும் ஒருவர் சொல்லும் முதலசையைக் கொண்டு அவர் கல்வியை எடைபோடும் பழக்கம் ஓயவில்லை. சொல்லின் வரலாறு அந்த எடைக்கல்லுக்கு ஆதரவாக இல்லை.

1826இல் பிரான்சின் தூர் நகர மருத்துவர் பியர் பிரெத்தோனோ, நோயாளிகளின் தொண்டையில் தோல்போலப் படர்ந்து மூச்சை அடைத்த சவ்வைக் கருதி, பதனிட்ட தோலைக் குறிக்கும் ‘திப்தெரா’ என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து இந்நோய்க்குப் பெயர் அமைத்தார். (அயோனியக் கிரேக்கர் ஏட்டையும் இச்சொல்லாலேயே அழைத்தனர் என்கிறார் ஹெரொடோட்டஸ், முன்பு தோலில் எழுதியதன் எச்சம் அது.)

அச்சொல்லின் நடுவே ஃபை, தீட்டா என்னும் இரு எழுத்துகள் அடுத்தடுத்து நிற்கின்றன. செவ்வியல் காலத்தில் இவை உரசொலிகள் அல்ல. இந்தியில் பழத்தையும் தட்டையும் குறிக்கும் சொற்களின் முதலொலிகள் போன்ற, மூச்சு கலந்த வெடிப்பொலிகள். மருத்துவமே இதற்குச் சான்று வைத்திருக்கிறது. ‘பர்ப்யூரா’, ‘போர்ஃபீரியா’ ஆகிய இரண்டும் ஊதாவைக் குறிக்கும் ஒரே கிரேக்கச் சொல்லின் வழிவந்தவை. முன்னதைப் பழைய இலத்தீன் செவிவழியே பெற்றது. அச்செவிக்கு ஃபை பகரமாகவே கேட்டது. உரசொலியாக மாறியது பின்னர்தான்.

அசைப் பிரிப்பிலும் ஒரு சிக்கல் உண்டு. சொல்லின் முதலில் வரக்கூடிய மெய்க்கூட்டத்தைப் பிரிக்காமல் அடுத்த அசையோடு சேர்ப்பது கிரேக்க இலக்கணிகளின் எழுத்துமரபு. காசநோயைக் குறிக்கும் ‘ப்திசிஸ்’ இக்கூட்டத்தோடு தொடங்குவதால், ‘தி-ப்தெ-ரா’ என்றே பிரிக்க வேண்டும். செய்யுளோ முதலசையைக் கனத்ததாக, அதாவது மெய்யில் முடிவதாகக் கொள்கிறது. ஆங்கிலம் இக்கூட்டத்தைச் சொல்முதலில் ஏற்காது. ஆகவே காசநோய்ச் சொல் முதலொலியை இழந்து ‘தைசிஸ்’ ஆயிற்று. டிப்தீரியாவில் அவ்வொலி முந்தைய அசையின் ஈற்றில் ஒதுங்கிப் பிழைத்தது.

பிழைத்தாலும் இரண்டு உரசொலிகள் அடுத்தடுத்து வருவது நாவுக்கு எளிதன்று. ஆங்கிலப் பேச்சு முதலொலியை வெடிப்பொலியாக்கியது. இன்றைய கிரேக்கப் பேச்சுவழக்கு இத்தகைய சொற்களில் இரண்டாவதை வெடிப்பொலியாக்குகிறது. பிரெஞ்சு எழுத்துமுறை ஓர் ‘எச்’சையே கைவிட்டு அதையே முறையாக்கியது. ஆங்கிலத்தில் ‘எச்’ விட்டுப்போனால் மட்டும் எழுத்துப்பிழை. முந்தைய ‘எச்’ இல்லாமல் பதிவான நோய்க்குறிப்பு, சரியான எழுத்தைக் கொண்டு தேடுபவருக்கு அகப்படாமலும் போகலாம்.

தமிழில் பகரமெய் தன்னோடன்றி வேறு மெய்யோடு மயங்காது. ஆதலால் ‘டிப்தீரியா’வும் தமிழ் மரபுக்கு அயலே. தடுப்பூசி அட்டவணைகளில் கக்குவான் இருமலுக்கு அருகே இடம்பெறும் ‘தொண்டை அடைப்பான்’, பிரெத்தோனோ கண்ட சவ்வை விட்டுவிட்டு அது செய்யும் கொடுமையைப் பெயராக்கிக்கொண்டது.