பிடித்த மீனை விட்டவர்கள்

இங்கிலாந்தின் எந்த ஆற்றங்கரைக்குப் போனாலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். கொட்டும் பனியில் ஒரு மடக்கு நாற்காலி, ஒரு குடை, ஒரு டப்பா நிறைய நெளியும் புழு. உட்கார்ந்திருப்பவர் காலையிலிருந்து தண்ணீரில் மிதக்கும் தக்கையையே வெறித்துக்கொண்டிருப்பார். மாலையில் பத்துப் பதினைந்து மீன் கிடைத்திருக்கும். எழுந்திருக்கும்போது அத்தனையையும் திரும்ப ஆற்றில் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீட்டுக்குப் போவார்!

நம் ஊரில் யாராவது இப்படிச் செய்தால் "புத்தி பேதலித்துவிட்டதா?" என்று கேட்போம். ஆனால் இந்த வெறுங்கை மனிதர்கள்தான் ஒரு நாட்டின் ஆறுகளுக்காகத் தொழிற்சாலைகள் மீதும், நகராட்சி மீதும், கடைசியில் அரசாங்கத்தின் மீதும் வழக்குப் போட்டு ஜெயித்தவர்கள். அந்தக் கதைதான் இது.

இரண்டு ஜாதி மீன்கள்

இங்கிலாந்தில் நன்னீர் மீன்களை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். சால்மன், டிரவுட் போன்றவை 'கேம்' மீன்கள். அதாவது உயர்குடி. மற்றதெல்லாம் 'கோர்ஸ்' மீன்கள். கோர்ஸ் என்றால் முரடு, மட்டம் என்று அர்த்தம். பெயரைப் பார்த்தாலே தெரியும், இது மீனைப் பற்றிய பிரிவினை மட்டும் அல்ல, அதைப் பிடிக்கும் மனிதர்களைப் பற்றியதும்தான். சால்மனும் டிரவுட்டும் ஓடும் நல்ல ஆறுகள் பெரும்பாலும் நிலப்பிரபுக்களின் கையில் இருந்தன. மில் தொழிலாளிக்குக் கிடைத்தது மட்ட மீன்.

அந்த மட்ட மீன்களில் ஆற்றுக்குப் பெயர்போன மூன்றைப் பார்ப்போம்.

முதலாவது ரோச். வெள்ளி உடம்பு, சிவந்த துடுப்பு. நம் கெண்டைக்குத் தூரத்து உறவு. கூட்டமாகத் திரியும். கால் கிலோ தேறினாலே நல்ல மீன்.

இரண்டாவது சப். இதுவும் கெண்டை வகையறாதான். தடித்த தலை, பெரிய வாய். புழு, ரொட்டி, பாலாடைக்கட்டி, மரத்திலிருந்து விழும் பழம் என்று எதையும் விடாது. ஆனால் மகா பயந்தாங்கொள்ளி. கரையில் ஒரு நிழல் அசைந்தால் போதும், ஆளைக் காணோம்.

மூன்றாவது கிரேலிங். இதன் கதை விசித்திரமானது. முதுகில் பாய்மரம் போல விரியும் துடுப்பு. உடற்கூற்றின்படி இது சால்மன் குடும்பம். வால் பக்கம் இருக்கும் சின்னக் கொழுப்புத் துடுப்பே அதற்குச் சாட்சி. அப்படியானால் ஏன் மட்ட மீன்களோடு சேர்த்தார்கள்? டிரவுட் முட்டையிடுவது குளிர்காலத்தில். கிரேலிங் முட்டையிடுவதோ ரோச், சப் போல வசந்தத்தில். இனப்பெருக்கக் காலத்தை வைத்துச் சட்டம் போட்டபோது கிரேலிங் இந்தப் பக்கம் வந்து விழுந்தது. தென் இங்கிலாந்தின் டெஸ்ட் போன்ற ஆறுகளில் டிரவுட்டின் இரையைத் தின்கிறது என்று சொல்லி இதைக் களை மாதிரி வலைபோட்டு அகற்றியதும் உண்டு. பிறப்பால் உயர்ந்த குடும்பம், நடத்தப்பட்டது என்னவோ வேண்டாத விருந்தாளி போல!

வால்டன் முதல் ரயில் வரை

தூண்டில் பற்றி ஆங்கிலத்தில் அச்சான முதல் நூல் 1496-ல் வந்தது. ஆனால் எல்லாருக்கும் தெரிந்த பெயர் ஐசக் வால்டன். லண்டனில் கடை வைத்திருந்த சாதாரண வியாபாரி. அவருடைய 'கம்ப்ளீட் ஆங்க்ளர்' வெளியான ஆண்டு 1653. அந்தச் சமயம் முக்கியம். உள்நாட்டுப் போர் முடிந்து, மன்னர் முதலாம் சார்லஸின் தலை துண்டிக்கப்பட்டு நாலு வருடம்தான் ஆகியிருந்தது. வால்டன் மன்னர் பக்கத்து ஆள். தோற்றுப்போன கட்சிக்காரர் ஒருவர் அமைதியைத் தேடி ஆற்றங்கரைக்குப் போன கதை என்றும் அந்தப் புத்தகத்தைப் படிக்கலாம். சப் மீனை எப்படிச் சமைத்தால் வாயில் வைக்க முடியும் என்று மெனக்கெட்டு அதில் சொல்லியிருக்கிறார். அப்போது பிடித்த மீனைத் தின்றார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது.

அதை மாற்றியது ரயில். 19-ம் நூற்றாண்டில் ரயில் வந்ததும் கடல் மீன் மலிவாக உள்நாட்டு நகரங்களுக்கு வந்து சேர்ந்தது. முள்ளும் சேற்று வாடையுமான ரோச்சை யார் தின்பார்கள்? உணவு என்ற மதிப்பு போய், விளையாட்டு என்ற மதிப்பு மட்டும் மிஞ்சியது. மீனைத் திரும்ப விடும் வழக்கம் படிப்படியாக வேரூன்றியது.

அதே ரயில்தான் தொழிலாளியையும் ஆற்றுக்குக் கொண்டுபோனது. கத்திக்கும் எஃகுக்கும் பெயர்போன ஷெஃபீல்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஊருக்குள் ஓடும் டான் ஆறு தொழிற்சாலைக் கழிவால் நாறியது. அதனால் மதுக்கடைகளில் கூடிச் சங்கம் அமைத்த தொழிலாளிகள் காசு சேர்த்து, விடுமுறை நாட்களில் ரயிலேறி லிங்கன்ஷயரின் விதம் ஆற்றுக்குப் போனார்கள். 1869-ல் ஷெஃபீல்டு தூண்டில்காரர்கள் சங்கம் உருவானது. ஆற்றங்கரையில் வரிசையாக உட்கார்ந்து, யார் அதிக எடை பிடிப்பது என்று போட்டி. 1903-ல் தேசியக் கூட்டமைப்பு, 1906-ல் தேசியப் போட்டி என்று அது வளர்ந்தது.

1878: மூன்று மாத விரதம்

கூட்டம் பெருகினால் மீன் குறையும். அதுவும் வயிற்றில் முட்டையோடு இருக்கும் மீனைப் பிடித்தால் அடுத்த தலைமுறையே போச்சு. இதை முதலில் உணர்ந்தவர்களும் தூண்டில்காரர்கள்தான். ஷெஃபீல்டின் நாடாளுமன்ற உறுப்பினர் ஏ.ஜே. முண்டெல்லா கொண்டுவந்த நன்னீர் மீன்வளச் சட்டம் 1878-ல் நிறைவேறியது. மார்ச் 15 முதல் ஜூன் 15 வரை கோர்ஸ் மீன் பிடிக்கத் தடை. மக்கள் வாயில் அதன் பெயரே 'முண்டெல்லா சட்டம்'.

யோசித்துப் பாருங்கள். தங்கள் பொழுதுபோக்குக்குத் தாங்களே மூன்று மாதம் பூட்டுப் போடச் சொல்லிக் கேட்டவர்கள் இவர்கள்! 1995-ல் பெரும்பாலான குளங்களுக்கும் 2000-ல் பெரும்பாலான கால்வாய்களுக்கும் இந்தத் தடை நீங்கியது. ஆறுகளுக்கும் நீக்கலாமா என்று 2019-ல் கருத்துக் கேட்டார்கள். கடைசியில் ஆறுகளுக்கு அது அப்படியே நீடித்தது. ஜூன் 16 விடியற்காலை தூண்டில்காரர்களுக்குத் தீபாவளி மாதிரி.

டெர்பி வழக்கு

பிடிக்காமல் இருந்தால் மீன் பிழைக்கும். ஆனால் ஆறே செத்தால்?

1876-லேயே ஆற்று மாசுத் தடுப்புச் சட்டம் வந்துவிட்டது. பேருக்குத்தான் சட்டம். தொழிற்சாலை "எங்களால் நியாயமாக முடிந்ததைச் செய்துவிட்டோம்" என்றால் தப்பித்துவிடலாம். நடவடிக்கை எடுக்கவே மேலிட அனுமதி வேண்டும். ஓட்டைப் பானை.

இன்னொரு பக்கம், ஆங்கிலப் பொதுச் சட்டத்தில் ஒரு பழைய ஆயுதம் தூங்கிக்கொண்டிருந்தது. ஆற்றங்கரை நிலத்துக்காரருக்கு ஆற்று நீர் அதன் இயல்பான தன்மையோடு வந்து சேர வேண்டும் என்பது உரிமை. அந்த ஆற்றில் மீன்பிடிக்கும் உரிமையும் ஒரு சொத்துதான். அதை விற்கலாம், குத்தகைக்கு விடலாம். சொத்தைக் கெடுத்தால் வழக்குப் போடலாம்! சங்கங்கள் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தது இந்த உரிமையைத்தான். ஆனால் இங்கிலாந்தில் தோற்றவர்தான் ஜெயித்தவரின் வழக்குச் செலவையும் கட்ட வேண்டும். பெரிய கம்பெனியோடு மோதித் தோற்றால் ஒரு சின்னச் சங்கத்தின் கதி என்ன?

ஜான் ஈஸ்ட்வுட் என்ற வழக்கறிஞர் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். 1948-ல் அவர் தொடங்கிய தூண்டில்காரர்களின் கூட்டமைப்பு நாடெங்கும் சங்கங்களிடமும் தனி ஆட்களிடமும் சிறு சந்தா வாங்கியது. யாருடைய ஆறு கெட்டாலும் அந்தப் பொதுப் பணத்தில் வழக்கு. வணிகவியல் படிப்பவர்களுக்கு உடனே பிடிபடும், இது கிட்டத்தட்ட காப்பீட்டின் தத்துவம். ஒருவரால் தாங்க முடியாத நஷ்டத்தைப் பலர் பகிர்ந்துகொள்வது.

சில வருடங்களிலேயே பெரிய வழக்கு வந்தது. டெர்வென்ட் ஆற்றில் மீன்பிடி உரிமை வைத்திருந்தது 'பிரைடு ஆஃப் டெர்பி' தூண்டில் சங்கம். ஆற்றில் மீன்கள் செத்தன. காரணம் ஒருவர் இல்லை, மூவர். செயற்கைப் பட்டு தயாரித்த பிரிட்டிஷ் செலனீஸ் நிறுவனத்தின் கழிவு. டெர்பி நகராட்சியின் சாக்கடை. அரசின் மின்சார ஆணையம் வெளியேற்றிய சுடுநீர். சூடான நீரில் ஆக்சிஜன் குறையும், மீனுக்கு மூச்சு முட்டும். சங்கமும், கரை நிலத்துக்காரரான ஹாரிங்டன் பிரபுவும் மூவர் மீதும் வழக்குப் போட்டார்கள். மட்ட மீன் பிடிப்பவர்களும் ஒரு பிரபுவும் ஒரே கட்சி!

நகராட்சியின் வாதம் கேட்க நியாயமாகத்தான் இருந்தது. "1901-ம் ஆண்டுச் சட்டப்படிதான் கழிவுநீர் நிலையம் கட்டினோம். அப்புறம் ஊர் பெருகிவிட்டது, எங்கள் தப்பா? வேண்டுமானால் நஷ்ட ஈடு வாங்கிக்கொள்ளுங்கள், தடையாணை வேண்டாம்" என்பது அதன் சாரம்.

இங்கேதான் வழக்கின் உயிர்நாடி. நஷ்ட ஈடு என்றால் என்ன? காசைக் கட்டிவிட்டுக் கழிவைத் தொடர்ந்து கொட்டலாம். மாசுபடுத்துவதே ஒரு செலவுக் கணக்காகிவிடும். ஆறு செத்தது செத்ததுதான். தடையாணை என்றால் கொட்டுவதை நிறுத்தியே ஆக வேண்டும். 1952-ல் உயர் நீதிமன்றம் தடையாணை கொடுத்தது. மேல்முறையீட்டிலும் அது நின்றது. கழிவுநீர் நிலையம் கட்டச் சட்டம் அனுமதித்தது என்பதற்காக அடுத்தவர் சொத்தைக் கெடுக்க அனுமதித்ததாக ஆகாது என்றார்கள் நீதிபதிகள். ஒப்பந்தச் சட்டத்தில் அடிக்கடி அடிபடும் டென்னிங்கும் அந்த மூவரில் ஒருவர். நகரத்தின் சாக்கடையை ஒரே நாளில் அடைக்க முடியாது என்பதால், சரிசெய்துகொள்ள அவகாசம் மட்டும் கிடைத்தது.

நாணயத்தின் மறுபக்கம்

தூண்டில்காரர்கள் எல்லாரும் உத்தமர்கள் என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. தக்கையை நிமிர்த்தி நிறுத்த நரம்பில் சின்னச் சின்ன ஈயக்குண்டுகளைக் கடித்து மாட்டுவது இவர்கள் வழக்கம். கரையில் சிந்திய குண்டுகளை, இரையை அரைக்க உதவும் பொடிக்கல் என்று நினைத்து அன்னங்கள் விழுங்கின. ஈய விஷத்தால் கழுத்து துவண்டு செத்தன. 1980-களின் தொடக்கத்தில் ஆய்வுகள் இதை அம்பலப்படுத்தின. தானாக முன்வந்து மாறுங்கள் என்று சொல்லிப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. கடைசியில் 1987 ஜனவரி 1 முதல் 0.06 கிராமிலிருந்து 28.35 கிராம் வரையிலான ஈயக்குண்டுகளுக்குச் சட்டப்படி தடை வந்தது. அன்னங்கள் திரும்பப் பெருகின. அடுத்தவன் கழிவு கண்ணில் பட்ட அளவுக்குத் தன் கைக்குண்டு கண்ணில் படவில்லை. மனித சுபாவம்!

ஓடிக்கொண்டே இருக்கும் வழக்கு

1989-ல் இங்கிலாந்தின் தண்ணீர் வாரியங்கள் தனியார்மயமாயின. கழிவுநீர் எங்கே எவ்வளவு திறந்துவிடப்படுகிறது என்று கேட்டால், "நாங்கள் தனியார் கம்பெனி, சொல்ல வேண்டியதில்லை" என்ற பதில் வந்தது. ஈஸ்ட்வுட்டின் அமைப்பு 2009 முதல் 'ஃபிஷ் லீகல்' என்ற பெயரில் இயங்குகிறது. அது இந்தப் பதிலை எதிர்த்து ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. சுற்றுச்சூழல் தகவலைப் பொறுத்தவரை தண்ணீர் கம்பெனிகளும் பொது அமைப்புகளே என்று 2015-ல் தீர்ப்பானது. அதாவது கேட்டால் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது இன்னும் சுவாரஸ்யம். யார்க்ஷயரில் கோஸ்டா பெக் என்ற சிற்றாறு. அதில் மீன்பிடிக்கும் பிக்கரிங் சங்கம், ஆற்றை மீட்க அரசு போட்ட திட்டம் வெறும் பொதுப்படையான பேச்சு என்று வழக்குப் போட்டது. ஒவ்வொரு நீர்நிலைக்கும் தனித்தனியாக என்ன செய்யப்போகிறோம் என்று அரசு பார்த்திருக்க வேண்டும் என 2023 நவம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. அரசு மேல்முறையீடு செய்தது. 2025 ஏப்ரலில் அதிலும் தோற்றது.

ஆற்றைக் காக்க அறிவியலாளர்கள் இருந்தார்கள், அதிகாரிகள் இருந்தார்கள், சட்டப் புத்தகமும் இருந்தது. ஆனாலும் நீதிமன்றப் படியேறியவர்கள் இந்தத் தூண்டில்காரர்கள். காரணம் சிக்கலானது அல்ல. அவர்களுக்கு அந்த ஆற்றில் ஒரு உரிமை இருந்தது, அது காகிதத்தில் இருந்தது. அதைவிட முக்கியமாக, தண்ணீரின் நிறம் நேற்றைக்கும் இன்றைக்கும் எப்படி மாறியது என்று சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். காலையிலிருந்து மாலைவரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவனுக்குத் தெரியாதா என்ன?

தின்பதற்கு லாயக்கில்லாத மீன். விலை போகாத மீன். கணக்குப் புத்தகத்தில் அதை எந்தப் பக்கம் எழுதுவது என்றே தெரியாது. ஆனால் டெர்வென்ட் ஆற்றுக்காகத் தொழிற்சாலையையும் நகராட்சியையும் மின்சார ஆணையத்தையும் ஒன்றாகக் கூண்டில் ஏற்றியது அந்த மீன்தான்.