அடையாறு ‘உடைந்த பாலம்’: சினிமா ஸ்பாட்டா, மீனவர்களின் வழியா?

நொச்சிக்குப்பத்திலிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே போனால், பட்டினப்பாக்கம் சீனிவாசபுரத்தைத் தாண்டி அடையாறு முகத்துவாரம் வரும். அங்கே ஆற்றில் பாதியோடு நிற்பதுதான் ‘உடைந்த பாலம்’.

ஏன் கட்டினாங்க?
மீனவர்கள் ஆற்றைக் கடக்க 1967-ல் கட்டப்பட்டது. 1977-ல் ஒரு பகுதி இடிந்து விழுந்தது. திரும்பக் கட்டவே இல்லை. எதிர்க்கரையில் உள்ள ஊரூர் குப்பத்துக்கு நடந்தே போன வழி போச்சு. இப்போது திரு.வி.க. பாலம் வழியாகச் சுற்றணும்.

இப்போ என்ன நிலை?
நகரவாசிகளுக்கு இது ஷூட்டிங், செல்ஃபி ஸ்பாட். இந்தப் பக்கமாகக் கடலோரச் சாலை போடும் யோசனை அவ்வப்போது எழும், மீனவர்கள் எதிர்ப்பார்கள். ஊர் மறந்த பாலம்தான். ஆனால் அதை ஒட்டிய மணலில்தான் அவர்கள் இன்றும் படகு நிறுத்துகிறார்கள், வலை காயவைக்கிறார்கள்.