சூப்பர் பாண்டரோசாவும் என் நாற்பதாயிரமும்

ரெண்டு வருஷமா சேர்த்து வச்சது நாற்பதாயிரம் ரூபாய். தென்காசியில உட்கார்ந்துக்கிட்டு கேமராவுக்கு காசு சேர்க்கிறவனோட அவஸ்தை தனி ரகம் மக்களே. ஒரு பக்கம் சுந்தரபாண்டியபுரத்து சூரியகாந்தி வயல், அதுக்குப் பின்னாடி மேகம் மூடின மலை. இன்னொரு பக்கம் குற்றாலத்துக்கு மேல காட்டுல, மரத்து உச்சியில உட்கார்ந்து நம்மளை முறைக்கிற கருமந்தி. முதலாவதுக்கு அகலமா பார்க்கிற லென்ஸ் வேணும். அடுத்ததுக்கு தூரத்தை இழுக்கிற லென்ஸ் வேணும். கையில இருக்கிறதோ 2012-ல வந்த நிக்கான் டி3200, கூடவே வந்த 18-55 லென்ஸ். "முதல்ல பாடியை மாத்துப்பா"ன்னு கேட்ட அத்தனை பேரும் சொன்னாங்க. நானும் கிட்டத்தட்ட முடிவு பண்ணிட்டேன்.

அப்பத்தான் மா. கிருஷ்ணன் ஞாபகத்துக்கு வந்தார்.

நம்ம திருநெல்வேலியில 1912-ல பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். கல்கத்தா ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் 1950-ல் தொடங்கிய இயற்கைப் பத்தியை 1996-ல் இறக்கும் வரை எழுதினார். 46 வருஷம்! தமிழ்ல அவர் எழுதினதை தியடோர் பாஸ்கரன் தொகுத்து 'மழைக்காலமும் குயிலோசையும்'னு புத்தகமா வந்திருக்கு, கிடைச்சா விடாதீங்க. 1970-ல் பத்மஸ்ரீ கொடுத்தாங்க. யானைப் படங்களுக்குப் பேர் போனவர். எல்லாம் கறுப்பு வெள்ளை.

சரி, இவ்வளவு பெரிய ஆளு என்ன கேமரா வச்சிருந்தார்? அங்கதான் வேடிக்கை. ஒரு கம்பெனியோட பாடி, இன்னொரு கம்பெனியோட டெலி லென்ஸ், நடுவுல சேர்க்கிற சாமானெல்லாம் அவரே கூட்டிச் சேர்த்தது. அந்தக் கதம்பத்துக்கு அவர் வச்ச பேரு 'சூப்பர் பாண்டரோசா'. கடையில கிடைக்காத கேமரா. தனக்கு வேண்டிய தூரத்தைக் கொடுக்கிற லென்ஸை முன்னால வச்சு, மத்ததை அதுக்குப் பொருத்திக்கிட்டார்னுதான் எனக்குப் படுது.

இன்னும் கொஞ்சம் பின்னாடி போனா இதே விஷயம் வேற மாதிரி தெரியுது. தாமஸ் டேனியல், அவர் சகோதரர் மகன் வில்லியம் டேனியல்னு ரெண்டு ஆங்கிலேய ஓவியர்கள் 1792-ல் நம்ம பக்கம் வந்தாங்க. குற்றாலத்துக்குத் தெற்கே பாபநாசம் அருவியை வரைஞ்சாங்க. அவங்க மூட்டையில ஒரு கேமரா அப்ஸ்க்யூரா இருந்தது. ஒரு பெட்டி, முன்னால லென்ஸ், அவ்வளவுதான். எதிர்ல இருக்கிற காட்சி உள்ளே காகிதத்து மேல விழும், அதை பென்சிலால கோடு போட்டு எடுத்துக்கணும். ஃபிலிம் கிடையாது. புகைப்படக் கலையை உலகத்துக்கு அறிவிச்சதே 1839-லதான். அதாவது, லென்ஸ் முதல்ல வந்தது. காட்சியைப் பிடிச்சு வைக்கிற பொருள் பிறகுதான் வந்தது.

அந்தப் பொருள் மாறிக்கிட்டே இருந்தது. கண்ணாடித் தகடு வந்தது, போச்சு. எங்கப்பா வச்சிருந்த அக்ஃபா கிளிக் 3-ல 120 ரோல் போட்டா 12 படம். ஊட்டியில 1960-ல் அரசாங்கமே ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆரம்பிச்சு, 'இந்து'ன்னு பேர் போட்டு ஃபிலிம் வித்தது. அந்த ஆலையும் மூடியாச்சு. 2003-ல் கேனான் 300டி ஆயிரம் டாலருக்குள்ள வந்து டிஜிட்டல் எஸ்எல்ஆரை நடுத்தர வர்க்கத்துக்குக் கொண்டு வந்தது. இப்ப அதுவும் பழசு, எல்லாம் மிரர்லெஸ்.

ஆனா நிக்கான் 1959-ல கொண்டு வந்த எஃப் மவுண்ட் லென்ஸ்கள் இன்னிக்கும் என் பாடியில மாட்டும். நாளைக்கு மிரர்லெஸ் வாங்கினாலும் மோட்டார் உள்ள ஏஎஃப்-எஸ் லென்ஸ் அடாப்டர் வழியா ஃபோகஸ் ஆகும். பாடி செலவு, லென்ஸ் முதலீடு. நாற்பதாயிரம் மட்டுமே வச்சிருக்கிறவன் எதுல போடணும்?

ஒரு பயம் மட்டும் இருந்தது. குற்றாலச் சாரல். போன லென்ஸை நான்தான் கொன்னேன். சீசன் முடிஞ்சதும் ஈரப் பையோட பீரோவுல வச்சவன், பொங்கலுக்குத்தான் திறந்தேன். உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை! துடைக்க முடியாத இடம். வீட்டம்மா இன்னும் அதைச் சொல்லிக் காட்டுறாங்க. "இதுவும் அப்படித்தானே ஆகும்?"னு கேட்டப்ப என்கிட்ட பதில் இல்ல.

கடைசியில திருநெல்வேலியில தெரிஞ்ச ஸ்டூடியோ அண்ணாச்சிகிட்ட பழைய நிக்கான் 300 எம்எம் எஃப்/4 ஏஎஃப்-எஸ் ஒண்ணு இருந்தது. என் பாடி சென்சார் சின்னது, அதனால 450 எம்எம் அளவுக்கு இழுக்கும். அண்ணாச்சி டார்ச்சை கையில கொடுத்தார்.

"தம்பி, பின்பக்கமா வெளிச்சம் அடிச்சு உள்ள பாரு. வெளியே கீறல் இருந்தா பரவால்ல. உள்ள வலை தெரிஞ்சா எனக்காகக் கூட வாங்காத."

வலை இல்லை. வாங்கிட்டேன். மிச்சக் காசுல காத்துப் புகாத டப்பா ஒண்ணு, சிலிக்கா ஜெல் அரைக் கிலோ, ஒரு ஸ்டாண்டு. சூரியகாந்திக்கு பழைய 18-55 போதும். ஸ்டாண்டுல வச்சு எஃப்/8-ல எடுத்தா மலை கூட பளிச்னு விழுது.

குறை இல்லாம இல்ல. இந்த லென்ஸ்ல கை நடுக்கத்தைச் சமாளிக்கிற வசதி கிடையாது, ஒன்றரைக் கிலோ கனம் வேற. சாரல் இருட்டுல ஐஎஸ்ஓ ஏத்தினா என் பழைய பாடி புள்ளி புள்ளியா கொட்டும். பறக்கிற பறவையைப் பிடிக்கிறதுக்குள்ள அது கேரளா போயிடும் :) கிருஷ்ணனுக்கு ஆட்டோ ஃபோகஸே கிடையாதுன்னு நினைச்சு மனசைத் தேத்திக்கிறேன்.

கருமந்தியார் இதுவரை வாலை மட்டும்தான் கொடுத்திருக்கார். ஆனா அந்த வால்ல ஒவ்வொரு முடியும் தெரியுது. வீட்டம்மாகிட்ட காட்டினேன். படத்தைப் பார்த்துட்டு அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணுதான்: "லென்ஸை டப்பாவுல வச்சாச்சா?"

வச்சாச்சு. நீங்க என் இடத்துல இருந்திருந்தா என்ன வாங்கியிருப்பீங்க? சொல்லுங்க.