மீட்பு யாருக்கு? ஒரு வினாவின் வரலாறு

இறந்தபின் மீட்பு அடைவோர் யாவர் என்னும் வினா, கிறித்தவ சமயம் தோன்றிய நாள்தொட்டு எழுந்துவருவதாகும். இவ்வினாவிற்குத் திருச்சபை எக்காலத்தும் ஒரே விடையைக் கூறிவந்தது எனப் பலர் எண்ணுகின்றனர். வரலாற்றை ஆராய்வோர்க்கு உண்மை வேறாகத் தோன்றும்.

மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஒரிஜன் என்னும் பேரறிஞர், இறைவன் தரும் தண்டனை உயிரைத் தூய்மையாக்கும் மருந்து என்றும், இறுதியில் எல்லா உயிர்களும் அவனிடம் திரும்பக்கூடும் என்றும் கருதினார். அதே நூற்றாண்டில் கார்த்தேஜ் நகரத்து ஆயர் சிப்பிரியான், திருச்சபைக்கு வெளியே மீட்பு இல்லை என்று எழுதினார். சபையை விட்டுப் பிரிந்து சென்றோரை மனத்திற்கொண்டே அவர் அவ்வாறு எழுதினார். பின்வந்தோரோ அக்கூற்றை உலகத்தார் அனைவர்க்கும் உரியதாக்கினர்.

அகுஸ்தீன் (354–430), திருமுழுக்குப் பெறாது இறக்கும் பச்சிளங்குழந்தைக்கும், மிக மென்மையானதாயினும், தண்டனை உண்டு என்றார். 553-இல் கூடிய இரண்டாம் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் ஒரிஜனின் பெயரைத் தவறான போதகர் வரிசையில் சேர்த்தது. 1442-இல் பிளாரன்ஸ் சங்கம், இறக்குமுன் திருச்சபையில் சேராத பிற சமயத்தார், யூதர், பிரிவினையாளர் அனைவரும் அணையாத நெருப்பிற்குரியர் என அறிவித்தது. இவ்வாறு வாயில் படிப்படியாகக் குறுகிற்று.

அதன்பின் ஐம்பது ஆண்டுகளில், 1492-இல், கொலம்பஸ் அட்லாண்டிக் கடலைக் கடந்தார். இயேசுவின் பெயரையே கேட்டறியாத பெருந்திரளான மக்கள் அங்கே வாழ்ந்தனர். கேளாத செய்தியை ஏற்கவில்லை என்று ஒருவனைத் தண்டிப்பது நீதியாகுமா என்னும் ஐயம் இறையியலாரைத் துளைக்கத் தொடங்கிற்று.

இவ்வையத்திற்கு உருக்கமான சான்று ஒன்று உண்டு. 1542 முதல் நம் முத்துக்குளித்துறையில் பரதவ மக்களிடையே பணியாற்றிய பிரான்சிஸ் சவேரியார், 1549-இல் ஜப்பான் சென்றார். அங்கு யமகுச்சி நகரில் கிறித்தவரானோர் அவரிடம், தம் இறந்த பெற்றோரையும் முன்னோரையும் நரகத்தினின்று மீட்க வழியுண்டா என்று வினவினர். வழியில்லை என்றார் சவேரியார். அவர்கள் அழுதனர். அதைக் கண்டு தாமும் வருந்தியதாக 1552-இல் எழுதிய மடலில் அவரே குறிப்பிடுகிறார்.

சீர்திருத்தச் சபைகளிலும் இப்பூசல் ஓயவில்லை. 1618–1619-இல் நெதர்லாந்தில் கூடிய டார்ட் சங்கம், மீட்புறுவோரை இறைவன் முன்னரே தெரிந்துகொண்டான் என்று உறுதிப்படுத்தியது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஜான் வெஸ்லி அதனை மறுத்து, இறையருள் எல்லார்க்கும் உரியது என்று முழங்கினார்.

கத்தோலிக்கத் திருச்சபையில், 1863-இல் போப்பாண்டவர் ஒன்பதாம் பத்திநாதர், தம் குற்றமின்றி உண்மையை அறியாது நேர்மையாய் வாழ்வோர் இறையருளால் நிலைவாழ்வு அடையக்கூடும் என ஒப்பினார். சபைக்கு வெளியே எவர்க்கும் மீட்பில்லை என்று விடாது போதித்த பாஸ்டன் நகரத்துக் குரு லியோனார்டு பீனி, உரோமையின் அழைப்பிற்குக் கீழ்ப்படியாமையால் 1953-இல் விலக்கப்பட்டார். 1972-இல் மீண்டும் சேர்க்கப்பட்டார். 1964-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், நற்செய்தியை அறியாதிருந்தும் நேரிய உள்ளத்துடன் இறைவனைத் தேடி, மனச்சான்றின்படி நடப்போர் மீட்படைய முடியும் என்று விளக்கமாக அறிவித்தது. திருமுழுக்கின்றி இறந்த குழந்தைகளின் மீட்பிற்காக நம்பிக்கை கொள்ள வலுவான காரணங்கள் உண்டு என 2007-இல் வத்திக்கானின் பன்னாட்டு இறையியல் ஆணையம் கூறிற்று. கிறித்துவை அறிந்து ஏற்றோர்க்கே மீட்பு என்று இன்றும் போதிக்கும் சபைகளும் பல உள.

இளைஞர்களே! ஒரே குடும்பத்தில் பாட்டனார் ஒரு சமயத்திலும் பேரன் மற்றொரு சமயத்திலும் வாழ்ந்த இல்லங்கள் நம்மிடையே உண்டு. உழைத்து நம்மை ஆளாக்கிய முன்னோர் என்ன ஆயினர் என்று கேட்பது நம்பிக்கைக் குறைவு ஆகாது. யமகுச்சி மக்கள் கண்ணீரோடு கேட்ட வினாவும் அதுவே. அவர்கள் பெற்ற விடைக்கும் 1964-இல் உரைக்கப்பட்ட விடைக்கும் இடையே நானூறு ஆண்டுகள் கழிந்தன. முடிந்த முடிபு என ஒன்றை எவரேனும் உரைத்தால், அது எந்த ஆண்டில், எவரால், எவரை நோக்கி உரைக்கப்பட்டது என்று கேளுங்கள். அவ்வாறு கேட்கும் துணிவைத் தருவதே கல்வியின் பயனாகும்.