83ஆம் பிரிவின் எழுவாய்: பேனல் கிளினிக் சேர்க்கை குறித்து ஒரு மறுவாசிப்பு

மலாக்காவின் புக்கிட் பெருவாங் கடைவரிசையில் உள்ள கிளினிக்குகளின் கண்ணாடிக் கதவில் திறப்பு நேரத்தைத் தேடித்தான் படிக்க வேண்டும். காப்புறுதி, மெடிக்கல் கார்டு நிறுவனங்களின் ஸ்டிக்கர்கள் அதை மறைத்துக்கொண்டிருக்கும். பத்து பெரெண்டாம் தொழிற்சாலையிலிருந்து காய்ச்சலோடு வருபவர், "இந்தக் கார்டு இங்க எடுப்பீங்களா?" என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் உட்காருவார். டாக்டர் இருக்கிறாரா என்பது அடுத்த கேள்வி. ஒரு கிளினிக் அந்தக் கார்டை எடுக்கும் தகுதியைப் பெறுவதும் இழப்பதும் எந்தச் சட்டத்தின்கீழ் நடக்கின்றன? இதற்கு இதுவரை சொல்லப்பட்டுவரும் விடை பிழையானது என்று கருதுகிறேன்.

அந்த விடை இதுதான்: 1998ஆம் ஆண்டுத் தனியார் சுகாதார வசதிகள், சேவைகள் சட்டம் (586ஆம் சட்டம்) தன் பதினைந்தாம் பாகத்தில் எம்.சி.ஓ. எனப்படும் இடைநிலை நிறுவனங்களுக்குக் கடிவாளம் போட்டுவிட்டது. கார்டை எடுக்கும் தகுதியைத் தரும் பேனல் சேர்க்கையில் குறை இருந்தால் அது அமலாக்கத்தின் குறை. இவ்வாசிப்பு முழுக்க 83ஆம் பிரிவின்மேல் நிற்கிறது. ஆகவே அப்பிரிவைச் சொல் சொல்லாகப் பார்ப்போம்.

பிரிவு தடுப்பவற்றில் முக்கியமானவை நான்கு. நோயாளிகளின் மருத்துவ நிர்வாகத்தில் பதிவுபெற்ற மருத்துவருக்கு உள்ள அதிகாரத்தை மாற்றும் ஒப்பந்தம் கூடாது. இச்சட்டத்தையோ விதிகளையோ மீறச் செய்வது கூடாது. தொழில்நெறிக் கோவையை மீறச் செய்வது கூடாது. வேறு எழுத்துச் சட்டத்தை மீறச் செய்வதும் கூடாது. முந்தைய ஆய்வாளர்கள் இந்த நான்கையும் மருத்துவரின் சுதந்திரத்துக்கான நான்கு வேலிகளாகப் படித்தார்கள். பயனிலையைப் பிடித்துக்கொண்ட அவர்கள் எழுவாயை விட்டுவிட்டார்கள். 'செய்துகொள்ளக் கூடாது' என்று சட்டம் யாரைப் பார்த்துச் சொல்கிறது? உரிமம் அல்லது பதிவுச் சான்றிதழ் வைத்திருப்பவரைப் பார்த்து, அதாவது கிளினிக்கை. எம்.சி.ஓ. இவ்வாக்கியத்தில் 'நிறுவனத்துடன்' என்று மூன்றாம் வேற்றுமையில்தான் வருகிறது. கடமை எழுவாய்க்கு, மற்றவர் உடன் நிற்பவர்.

இதை இலக்கண நுணுக்கம் என்று தள்ளிவிட முடியாது. பிரிவு கையாளும் பொருள் ஒப்பந்தம். பேனல் சேர்க்கை என்பதோ ஒப்பந்தத்துக்கு முந்திய கட்டம்: விண்ணப்பம், ஆண்டுத் தொழில் சான்றிதழின் நகல், கிளினிக் பதிவுச் சான்றிதழ், வங்கிக் கணக்கு விவரம், பிறகு காத்திருப்பு. மருத்துவ மன்றத்தின் பதிவும் சுகாதார அமைச்சின் கிளினிக் பதிவும் கையில் இருக்கும் மருத்துவரைக் காரணம் சொல்லாமல் ஒரு நிறுவனம் ஒதுக்கினால், 83ஆம் பிரிவின் பார்வையில் அங்கே எதுவும் நடக்கவில்லை. ஒப்பந்தமே இல்லையே! உள்ளே இருப்பவரை நீக்கும்போதும் நிலை ஏறத்தாழ இதுதான். சட்டத்தின் 82ஆம் பிரிவு எம்.சி.ஓ.வுக்கு விரிவான வரையறை தருகிறது; தொடர்ந்துவரும் பிரிவுகள் பதிவேடு பற்றியும் தகவல் தருவது பற்றியும் பேசுகின்றன. சேர்க்கைக்கான அளவுகோல் எங்கும் இல்லை.

இந்த வாசிப்பு ஒரே பிரிவை நம்பி நிற்பதாகத் தோன்றலாம். ஆனால் இச்சட்டத்தின்கீழ் வந்த 2006ஆம் ஆண்டு விதிகளின் ஏழாம் அட்டவணை 10 முதல் 35 ரிங்கிட் என்று பொது மருத்துவரின் ஆலோசனைக் கட்டணத்தை வரையறுத்தபோதும் கட்டுப்பட்டவர் மருத்துவரே. இடைநிலை நிறுவனத்துக்குக் கட்டணத்தில் பங்கு கொடுப்பது தொழில்நெறிக்குப் புறம்பு என்று 2017இல் மலேசிய மருத்துவ மன்றம் நிலைப்பாடு எடுத்தபோது கொடுப்பவரைத் தடுக்க முடிந்தது. வாங்குபவர் மன்றத்தின் எல்லைக்கு வெளியே நின்றார். மூன்று இடத்திலும் எழுவாய் ஒன்றே.

தோட்டத்து நினைவு உள்ளவர்களுக்கு இது விசித்திரமாகப் படும். பணம் கட்டுபவர் வைத்தியரைத் தேர்ந்தெடுப்பது மலாக்காத் தமிழருக்குப் புதிதல்ல. தோட்ட மருத்துவ உதவியாளரான டிரசரை நியமித்தது தோட்ட நிர்வாகம், வரிசையில் நின்ற தொழிலாளியை யாரும் கேட்கவில்லை. அந்த ஏற்பாட்டை நான் போற்றவில்லை. ஆயினும் அந்த டிரசரின் தகுதி 1965ஆம் ஆண்டுத் தோட்ட மருத்துவமனை உதவியாளர் பதிவுச் சட்டத்தின்கீழ் ஒரு பொதுப் பதிவேட்டில் இருந்தது. தொழிலாளர் குடியிருப்பு, வசதிகளின் குறைந்தபட்சத் தரம் குறித்த 1990ஆம் ஆண்டுச் சட்டத்திலோ மருத்துவக் கடமையின் எழுவாய் முதலாளி, அதாவது பணம் கட்டுபவர். எட்டே ஆண்டுகளில் வந்த 586ஆம் சட்டத்தில் அந்த இடத்துக்கு வைத்தியம் பார்ப்பவர் வந்துவிட்டார். இரு சட்டங்களின் நோக்கமும் வேறு. நேர்க்கோட்டு வாரிசுரிமை பேச நான் துணியவில்லை. என்றாலும் ரப்பர் காட்டிலிருந்து தாமானுக்கு வந்த ஒரு குடும்பத்தின் அனுபவத்தில் இவ்விரண்டும் அடுத்தடுத்த பக்கங்கள்.

காப்புறுதி நிறுவனங்களை 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின்கீழ் பேங்க் நெகாரா கண்காணிக்கிறதே என்பார்கள். கிளினிக் பாலிசிதாரர் அல்ல. அத்தோடு அந்த வாதம் முடிந்தது. தரம் பார்த்துச் சேர்ப்பது நிறுவனத்தின் உரிமை என்பது இதைவிடக் கனமான மறுப்பு. தரம் பார்க்கட்டும், எதைத் தரம் என்கிறார்கள் என்பதை எழுதிவைக்கட்டும். 2019இல் தொடங்கிய அரசின் பெக்கா பி40 சுகாதாரத் திட்டத்தில், தனியார் கிளினிக்குகள் சேர்வதற்கான நிபந்தனைகள் வெளிப்படையாகவே வைக்கப்பட்டன. அமெரிக்காவில் சில மாநிலங்கள் இன்னும் ஒரு படி போய், நிபந்தனைக்கு உடன்படும் எந்த மருத்துவரையும் காப்பீட்டாளர் ஒதுக்கக் கூடாது என்று விதித்தன. கென்டக்கியின் அத்தகைய சட்டத்தை 2003இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அங்கே எழுவாய் காப்பீட்டாளர். அது இங்கும் பொருந்துமா என்பது தனி விவாதம், செலவு கூடும் என்ற கவலையும் நியாயமே.

586ஆம் சட்டத்தைத் திருத்தும் பேச்சு எப்போது எழுந்தாலும் அபராதத் தொகையைக் கூட்டுவதில் முடிந்துவிடலாம் என்று அஞ்சுகிறேன். 83ஆம் பிரிவில் எவ்வளவு அபராதம் ஏற்றினாலும், இன்றைய வாக்கிய அமைப்பில் அதைக் கட்டப்போவது கிளினிக்தான்.