தூரிகைத் தடமும் எழுத்துருவும்

1929இல் கோலாப்பூரில் தொடங்கப்பெற்ற பிரபாத் திரைப்பட நிறுவனம் 1933இல் புணேவுக்கு இடம்பெயர்ந்தது. அக்காலத் திரைப்படச் சுவரொட்டிகளின் தலைப்புகள் பெரும்பாலும் கையால் வரையப்பட்டவை. பழைய சுவரொட்டிகளை, 1964இல் புணேயில் நிறுவப்பட்ட தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் பேணிவருகிறது.

வண்ணம் வற்றிய தூரிகையை விரைந்து இழுத்தால் கோட்டினுள் வெண்கீற்றுகள் தோன்றும். இன்றைய சொரசொரப்பான தூரிகை எழுத்துருக்கள் படியெடுப்பவை இக்கீற்றுகளையே. சுவரொட்டியிலும் நூலட்டையிலும் அவை பொலிவுறும்; சிற்றளவில் கீற்றுகள் அடைபட்டு எழுத்து மங்கும்.

கை ஒரே எழுத்தை இருமுறை ஒன்றுபோல் எழுதுவதில்லை. எழுத்துருவிலோ, ஒரு சொல்லில் இருமுறை வரும் 'க' அதே கீறலுடன் திரும்பும். போலி அங்கே வெளிப்படும். ஓப்பன்டைப் நுட்பம் மாற்றுருக்களை மாறிமாறி இட்டு இக்குறையைத் தணிக்கிறது.

மராத்திக்குரிய தேவநாகரியில் சிக்கல் மிகுதி. சொல்லின் எழுத்துகளைத் தலைக்கோடு இணைப்பதால், ஒன்றன் கீற்று அடுத்ததன் கீற்றோடு பொருந்த வேண்டும். இல்லையேல் ஒட்டுத் தெரியும். தமிழில் தலைக்கோடு இல்லை. ஒவ்வோர் எழுத்தும் தனித்தே முடிகிறது.

ஆகவே தூரிகை எழுத்துருவை மதிப்பிடக் கீற்றின் அழகு மட்டும் போதாது. அந்த வரிவடிவத்தில் கை எங்கே தொடங்குகிறது, எங்கே நிற்கிறது என்பதையும் காண வேண்டும். கையால் எழுதிய பழைய சுவரொட்டிகள் அதற்கான முதன்மைச் சான்றுகள்.